ஏழாம் மேசைக்கு ஒரு திருத்தம்

என் அக்காவின் கணவரைப் பற்றி நாலு பக்கத்தில் ஒரு வாழ்க்கைக் குறிப்பு அச்சடித்துத் தரும்படி விண்வெளி அலுவலகத்திலிருந்து என் அச்சகத்துக்குக் கடிதம் வந்தது. ஏவுதளத்தின் கட்டுப்பாட்டு அறைக்கு அவர் பெயரைச் சூட்டப் போகிறார்களாம். விழாவுக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க வேண்டுமாம். கட்டுரையை அவர்களே எழுதி அனுப்பியிருந்தார்கள். பிறந்த வருஷம், ராணுவத்தில் சேர்ந்த வருஷம், பதவிகள், பதக்கங்கள், மேலே போன செயற்கைக்கோள்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. நாற்பது வருஷம் பிழை திருத்திய கண் என்னுடையது. ஒரு புள்ளி விட்டுப்போனாலும் உறுத்தும். அந்த நாலு பக்கத்தில் ஒரு பிழைகூட இல்லை. படித்து முடித்துத் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

அதில் இல்லாத ஒரு காலை நேரம் எனக்குத் தெரியும். தெரிந்தும் இருபத்து நாலு வருஷம் வாயைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேசாமலிருந்தேன் என்பதுகூட முழு உண்மை இல்லை, அதை அப்புறம் சொல்கிறேன். அவர்கள் எழுதியது அவர்களோடு இருக்கட்டும். இது நான் எழுதுவது.

ஊரில் எல்லாரும் அவரைக் கர்னல் என்பார்கள். எனக்கு அத்தான். பள்ளிக்கூட எழுத்தர் ஒருவரின் மகன். கணக்கில் கெட்டி. பத்தொன்பது வயதில் ராணுவத்தில் சேர்ந்து பீரங்கிப் படைக்குப் போனார். காற்று இவ்வளவு, தூரம் இவ்வளவு, ஆகவே குண்டு இந்த இடத்தில் விழும் என்று கணக்குப் போடுவதுதான் வேலை. அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்பார்கள். முப்பத்தெட்டு வயதில் அவரைக் கூப்பிட்டு, அரசு ராக்கெட் விடப் போகிறது, போய்ப் பார்த்துக்கொள் என்றார்கள். விழுவதற்குக் கணக்குப் போட்ட மனிதரை விழாமல் இருக்கக் கணக்குப் போட அனுப்பிவிட்டார்கள் என்று நான் கிண்டல் செய்தேன். அவர் 'ம்' என்றார்.

அந்த 'ம்' பற்றிச் சொல்ல வேண்டும். அத்தான் பேச்சில் கஞ்சன். பாதிக் குடும்பம் அந்த ஒரே சத்தத்தில் நடந்தது. இழுத்துச் சொன்னால் தேநீர் நன்றாயிருக்கிறது. மூக்கால் சொன்னால் வேண்டாம். வெடுக்கென்று, கடைசியில் கொஞ்சம் தூக்கிச் சொன்னால், இன்னுமா முடியவில்லை என்று அர்த்தம். அந்த மூன்றாவது 'ம்'முக்கு அக்கா கையில் கரண்டியோடு ஓடிவருவாள். "ராணுவத்துல முந்நூறு பேரு இந்த ஒரு 'ம்'முக்கு எழுந்து நின்னாங்களாம். நான் ஒருத்தி எந்த மூலைக்கு?" என்பாள். நாங்கள் சிரிப்போம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அவர் போன இடம் அப்போது வெறும் கடற்கரை மணல். மூன்று தகரக் கொட்டகை, ஒரு தண்ணீர்த் தொட்டி, செருப்புக் காலோடு பத்து மணிக்கு வரும் பொறியாளர்கள் இருபது பேர். இவர் பளபளவென்று பாலிஷ் போட்ட பூட்ஸோடு ஆறரைக்கே போய் நின்றார். ஒரு வாரத்தில் மணல் பூட்ஸைத் தின்றுவிட்டது. எட்டாம் நாள் கான்வாஸ் ஷூ வாங்கிக்கொண்டார். பொறியாளர்களுக்கு முதலில் அவரைப் பிடிக்கவில்லை. ராக்கெட்டைப் பற்றி என்ன தெரியும் இந்தப் பட்டாளத்துக்காரருக்கு என்று முணுமுணுத்தார்கள். ஒன்றும் தெரியாது என்று அவரே ஒப்புக்கொண்டார். நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு இருபத்தைந்து வயதுப் பையன்கள் முன்னால் உட்கார்ந்து பாடம் கேட்டார். பாடம் நடக்கும் ஒரு மணி நேரம் அவர் அவர்களை சார் என்பார். வெளியே வந்ததும் அவர்கள் இவரை சார் என்பார்கள். ஒரு வருஷத்தில் அந்தக் கொட்டகையில் அவருக்குத் தெரியாத குழாய் கிடையாது.

மூன்றாம் வருஷம், சோதனைக்கு நிறுத்தியிருந்த ஒரு எஞ்சின் வெடித்துக் கொட்டகையின் கூரை பறந்தது. ஆளுக்குச் சேதமில்லை. விசாரித்தால், வெல்டர் ஒருவர் இரண்டு மணி நேரம் முன்பே விரிசலைப் பார்த்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை அத்தான் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். "நீங்க நின்னுட்டிருந்தீங்க சார். எப்படிச் சொல்றது?"

அன்று அத்தான் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் என் அச்சகத்துக்கு வந்து, புத்தக மேலட்டைக்கு வைத்திருந்த சிவப்பு அட்டையை எடுத்து, உள்ளங்கை அகலத்தில் பன்னிரண்டு துண்டு வெட்டித் தரச் சொன்னார். கட்டுப்பாட்டு அறையில் பன்னிரண்டு மேசை. மேசைக்கு ஒன்று. பின்பக்கம் நான் அச்சடித்துக் கொடுத்தது இது: 'சந்தேகம் வந்தால் இதை உயர்த்து. எல்லாம் நிற்கும். ஒரு மணி நேரத்துக்கு யாரும் காரணம் கேட்கக் கூடாது.'

அடுத்த ஏழு வருஷத்தில் ஒன்பது முறை சிவப்பு அட்டை உயர்ந்தது. அதில் ஆறு முறை ஒன்றுமே இல்லை, வெறும் பயம். அந்த ஆறு பேருக்கும் கர்னல் போய்க் கைகொடுத்தார். அவர் நல்ல மனிதர். அதனால்தான் எனக்கு எழுத வரமாட்டேன் என்கிறது. கெட்டவன் செய்த தப்பென்றால் ஒரே மூச்சில் எழுதித் தள்ளிவிடுவேன்.

ஏழாம் மேசை எரிபொருள் தொட்டியின் அழுத்தத்தைப் பார்க்கும் மேசை. அங்கே உட்கார்ந்திருந்தது முப்பத்தொரு வயதுப் பெண் ஒருவர். கர்னலே தேடிப்பிடித்த ஆள். பென்சில் மூன்றைக் கூராகச் சீவி வரிசையாக வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாராம். அளவு காட்டும் முள்ளை அந்தப் பெண் படிப்பதைப்போல வேறு யாராலும் படிக்க முடியாது என்று அத்தான் வீட்டிலேயே சொல்லியிருக்கிறார். அத்தான் ஒருவரைப் பற்றி ஒரு முழு வாக்கியம் பேசினால் அது பெரிய பட்டம்.

செயற்கைக்கோளைச் சுமந்து போகும் முதல் ராக்கெட் அது. மூன்று வருஷ உழைப்பு. ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது. ஒரு தடவை மழை, ஒரு தடவை நாலாம் மேசையின் சிவப்பு அட்டை. மூன்றாவது தடவை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அமைச்சரும் அவரோடு நாற்பது விருந்தாளிகளும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். காலை ஏழு மணிக்குத் தலைநகரிலிருந்து கர்னலுக்குத் தொலைபேசி வந்தது. இன்றைக்கும் நின்றால் திட்டத்துக்கே பூட்டு என்றார்கள். இதை அவர் என்னைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

பத்து மணிக்கு மேசை மேசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொருவரும் தன் முன்னால் இருக்கும் பொத்தானை அழுத்தி 'ரெடி' என்று சொல்ல வேண்டும். பொத்தானை அழுத்திப் பேசினால்தான் ஒலிநாடாவில் பதியும். ஒன்று முதல் ஆறுவரை மளமளவென்று வந்தது. ஏழில் சத்தமில்லை. ஒன்பது வினாடி. பிறகு 'ரெடி'. ராக்கெட் கிளம்பி நாற்பத்தொரு வினாடியில், தொட்டியின் அழுத்தம் குறைந்து பக்கவாட்டில் சாய்ந்தது. அவர்களே அதை வெடிக்க வைத்துக் கடலில் போட வேண்டியதாயிற்று.

அன்று சாயங்காலம் அத்தான் நேராக என் அச்சகத்துக்கு வந்தார். ஆட்கள் போய்விட்டிருந்தார்கள். தாள்கட்டின் மேல் உட்கார்ந்தார். 

"அந்தப் பொண்ணு முள்ளையே பார்த்துட்டிருந்தது. நான் நாற்காலியை அது பக்கமாத் திருப்பினேன். 'ம்'னேன். ரெடின்னு சொல்லிடுச்சு."

எந்த 'ம்' என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டு மூன்றாவது 'ம்' என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பொத்தானை அழுத்தினீர்களா என்று மட்டும் கேட்டேன். இல்லை என்றார். அப்படியென்றால் நாடாவில் இருக்காது என்றேன். இருக்காது என்றார். அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்க்கச் சகிக்காமல் ஒரு வாக்கியம் சொன்னேன்.

"'ம்'னா அது ஒரு வார்த்தையா அத்தான்? விடுங்க."

நீரில் மூழ்குகிறவனுக்குத் துரும்பும் துணை என்பார்கள். அந்தத் துரும்பை எடுத்துக் கொடுத்தவன் நான். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையில் ஒரு நிம்மதி வந்ததே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

மூன்று வாரத்தில் விசாரணை முடிந்தது. அறிக்கை ரகசியமாக அச்சடிக்க என்னிடமே வந்தது. முப்பத்தெட்டாம் பக்கம். ஏழாம் மேசையை யாராவது அவசரப்படுத்தினார்களா என்று கர்னலிடம் கேட்டிருக்கிறார்கள். பதில்: 'என் பொத்தானை நான் அழுத்தவில்லை. ஒலிநாடாவைக் கேட்டுப் பார்க்கலாம்.' ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை இவ்வளவு சுத்தமாகச் செய்து நான் பார்த்ததில்லை. அடுத்த பக்கத்தில் அந்தப் பெண்ணின் பதில்: 'ரெடி என்று சொன்னது நான்தான்.' அவ்வளவுதான். வேறெதுவும் இல்லை. நான் என் கையால் பக்கம் கட்டி, பிழை பார்த்து, அச்சடித்து, பைண்டு போட்டு அனுப்பினேன்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம். அந்தப் பெண்ணைப் பழுதான பாகங்கள் வைக்கும் கிடங்குக்கு மாற்றினார்கள். பதினெட்டு மாதம் கழித்து ராக்கெட் மேலே போயிற்று. அதன் பிறகு வரிசையாகப் போயிற்று. வானிலைக்கு ஒன்று, தொலைபேசிக்கு ஒன்று, கப்பல்களுக்கு ஒன்று. தோல்வியில் துவளாத தலைவர் என்று கர்னலுக்குப் பதக்கம் வந்தது. ராக்கெட் கடலில் விழுந்த மறுவருஷமே, புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு ஒரு பயிற்சிக் கையேடு தயாரித்திருந்தார்கள். அதில் ஏழாம் பாடத்தின் தலைப்பு 'பொய்யான ரெடி'. சந்தேகம் இருந்தும் அட்டையை உயர்த்தாத ஏழாம் மேசையைப் பற்றியது. பெயர் போடவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். அலுவலகத்தில் அந்தப் பெண்ணுக்கு 'ரெடியம்மா' என்று பெயர் விழுந்தது. வருஷத்துக்கு ஒரு பதிப்பு. இருபத்து மூன்று பதிப்பையும் நான்தான் அச்சடித்தேன்.

வீட்டில் மூன்றாவது 'ம்' அன்றோடு நின்றுபோனது. வயசாச்சு, மனுஷன் பதமாயிட்டாரு என்று அக்காவுக்கு ஒரே சந்தோஷம். நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன். பதக்கத்தை அவர் ஷூ பாலிஷ் வைக்கும் இழுப்பறையில் போட்டு வைத்தார். கிடங்கின் பக்கம் அவர் ஒரு நாளும் போனதில்லை. அங்கிருந்து வரும் கோப்புகளில் துணை அதிகாரியைக் கையெழுத்துப் போடச் சொல்லிவிடுவார். அறுபது வயதில் ஓய்வு பெற்று எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வீடு கட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் இருவரும் தினமும் சேர்ந்து நடக்கப் போவோம். எல்லாவற்றையும் பேசுவோம், அந்த ஒன்றைத் தவிர.

விழாக் கடிதம் வந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை மதியம், எல்லாரும் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் மகள் ஏவுதளத்தில் பொறியாளராகச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. கர்னல் இருந்த கட்டுப்பாட்டு அறையிலேயே அவளுக்கு இடம் கிடைத்ததில் தலைகால் புரியவில்லை அவளுக்கு.

"எந்த மேசை தெரியுமா மாமா? ஏழு. எல்லாரும் என்னைச் சின்ன ரெடின்னு கூப்பிடறாங்க" என்றாள்.

அதென்ன ரெடி என்று அக்கா கேட்டாள். என் மகள் சிரித்துக்கொண்டே கதையைச் சொன்னாள். முன்னொரு காலத்தில் அந்த மேசையில் ஒரு அம்மா இருந்தார்களாம். முள்ளைப் பார்க்காமல் தூங்கிப்போய்விட்டார்களாம். திடுக்கென்று விழித்து ரெடி என்றார்களாம், மூன்று வருஷ வேலை கடலில் போயிற்றாம். அவர்கள் இன்னும் கிடங்கில் துருப்பிடித்த சாமானோடு இருக்கிறார்களாம், இளவட்டங்கள் போய் எட்டிப்பார்த்துவிட்டு வருவார்களாம். இருபத்து நாலு வருஷத்தில் கதைக்குக் கைகால் முளைத்திருந்தது. அக்கா சிரித்தாள். அத்தான் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போனார். குழாயைத் திறந்துவிட்டு, கையை நனைக்காமல், அப்படியே நின்றார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். நான் பின்னாலேயே போனேன். அவர் திரும்பாமல், "நாளைக்கு வண்டியை எடு" என்றார்.

கிடங்கு நீளமான கட்டடம். இரும்பு அலமாரி வரிசைகள், ஒவ்வொரு பாகத்திலும் நூலில் கட்டிய சீட்டு. ரெடியம்மாவுக்கு இப்போது வயது ஐம்பத்தைந்து. மேசையில் கூராகச் சீவிய பென்சில்கள் மூன்று இருந்தன. கர்னலைப் பார்த்ததும் எழுந்தார், வாசலில் எழுதி வாங்கிய நுழைவுச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார், நாற்காலி காட்டினார். அத்தான் உட்காரவில்லை. வழியெல்லாம் வண்டியில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த வாக்கியத்தைத் தொடங்கி நிறுத்தினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், அந்தம்மா ஒரு சத்தம்கூடப் போடவில்லை, சொல்லுங்கள் என்று தலையைக்கூட ஆட்டவில்லை. அவருக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவும் கொடுத்தார். எனக்கு அது அடித்ததைவிட வலித்தது.

அத்தான் கடைசியில் சொன்னார். நான்தான் உங்களை அவசரப்படுத்தினேன், விசாரணையில் மறைத்துவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்றார். எழுபத்திரண்டு வயதில் அவர் குரல் உடைந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"விசாரணைக்கு முன்னாடி ரெண்டு நாள் காத்திருந்தேன் சார். நீங்க சொல்லிடுவீங்கன்னு" என்றார் அந்தம்மா. "நான் சொல்லியிருக்கலாம். 'ம்'னாருன்னு சொன்னா சிரிப்பாங்க. அறிக்கை வந்தப்புறம் காத்திருக்கிறதை விட்டுட்டேன்."

அத்தான் மறுபடி மன்னிப்பு என்று தொடங்கினார்.

"இதை என்கிட்ட வந்து சொல்லி என்ன சார் ஆகப்போவுது? எனக்குத்தான் தெரியுமே."

திட்டவில்லை, அழவில்லை. பென்சிலை எடுத்துச் சீட்டு எழுத ஆரம்பித்துவிட்டார். நாங்கள் வந்த வழியே திரும்பினோம்.

விழாவில் சொல்லிவிடுவது என்று அத்தான் முடிவு செய்தார். பெயர்ப்பலகையின் திரையை விலக்குவதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், கேட்டுவிட்டு வேண்டாமென்றால் பலகையைக் கழற்றிக்கொள்ளட்டும் என்றார். நாலு பக்கக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நானூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசையில் கிடங்கு ஊழியர்களோடு ரெடியம்மாவும் இருந்தார்.

"அன்னைக்கு நடந்த தப்பு ஏழாம் மேசையோடது இல்ல. என்னோடது. அவங்களை நான் அவசரப்படுத்தினேன்" என்றார் அத்தான்.

 எங்கோ ஒருவர் கைதட்டினார். கூடம் முழுவதும் தட்டியது. இயக்குநர் ஒலிபெருக்கியை வாங்கி, தனக்குக் கீழே வேலை செய்தவரின் தவறைத் தன் தோளில் ஏற்றுக்கொள்ளும் இந்தப் பெருந்தன்மைக்குப் பெயர்தான் தலைமை என்றார். எல்லாரும் எழுந்து நின்று தட்டினார்கள். என் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தான் கையை உயர்த்தி, இல்லை, கேளுங்கள் என்றார். இன்னும் பலமாகத் தட்டினார்கள். அடி வாங்குவதற்கென்று முதுகைக் காட்டிய மனிதருக்கு முதுகில் தட்டிக்கொடுத்து அனுப்பினார்கள். திரை விலகிப் பெயர் தெரிந்தது. நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். ரெடியம்மா பையை மூடிக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தார்.

 வண்டியில் அத்தான், உண்மையைத்தானே சொன்னேன், ஏன் யார் காதிலும் ஏறவில்லை என்று கேட்டார். எனக்கு என் தொழில்தான் தெரியும். அதை வைத்துச் சொன்னேன்.

"அவசரப்படுத்தினேன்னா யார் கண்ணுக்கும் ஒண்ணும் தெரியாது அத்தான். பெரிய மனுஷன் பேச்சு மாதிரிதான் இருக்கும். ஏழாம் பாடத்துல அந்தம்மா ஒன்பது வினாடி தயங்கினாங்கன்னு கணக்காப் போட்டிருக்கு. நாமும் அப்படி எழுதணும்."

கையேட்டின் இருபத்து நாலாம் பதிப்பு அப்போது அச்சுக்கு வந்திருந்தது. ஏழாம் பாடத்தைத் தானே புதிதாக எழுதித் தருவதாக அத்தான் இயக்குநரிடம் கேட்டார். ஐயாவின் விருப்பம் என்று இயக்குநர் உடனே சம்மதம் எழுதிக் கொடுத்தார். ஒரே ஒரு பக்கம். அதை எழுத அத்தானுக்குப் பதினோரு நாள் பிடித்தது. தொலைபேசி வந்தது, நாற்காலியைத் திருப்பியது, பொத்தானை அழுத்தாமல் 'ம்' என்றது, விசாரணையில் சொன்ன பதில், எல்லாவற்றையும் எழுதியிருந்தார். அதை முதலில் அக்காவிடம் படித்துக் காட்டியிருக்கிறார். அக்கா எழுந்து போய்விட்டாளாம். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, "அந்த 'ம்'மை வச்சு இத்தனை வருஷம் நாம சிரிச்சோமே" என்று மட்டும் சொன்னாள்.

அச்சுக்குப் போகும் முன் அந்தம்மா படிக்க வேண்டும் என்றார் அத்தான். நான் தகவல் அனுப்பினேன். வருவார் என்று எனக்கு நம்பிக்கையில்லை. வெள்ளிக்கிழமை பிற்பகல் வேலை முடித்து நேராக வந்தார், கைப்பையில் பென்சிலோடு. அத்தான் பழைய இடத்தில், தாள்கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். நான் அந்தம்மாவிடம் என் பங்கையும் சொல்லிவிட்டேன்: "'ம்'னா ஒரு வார்த்தையான்னு அவருக்கு எடுத்துக் கொடுத்தவன் நான்தாம்மா. தெரிஞ்சேதான் இத்தனை பதிப்பும் போட்டேன்." அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கடைசிப் பக்கத்துல அச்சிட்டவர்னு உங்க பேரு சின்ன எழுத்துல வருமில்ல? இப்பச் சொன்னதை அங்க போடுங்க" என்றார்.

போடுகிறேன் என்றேன். போட்டும் இருக்கிறேன். அதே சின்ன எழுத்தில் இல்லை, கொஞ்சம் பெரிதாகவே.

பிறகு அவர் தாளை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் கீழே பென்சில் முனையை நகர்த்திக்கொண்டே படித்தார். 'ஏழாம் மேசையில் இருந்தவர் மீது எந்தத் தவறும் இல்லை' என்று அத்தான் எழுதியிருந்த வரியை அடித்தார். பக்கத்தில், 'அட்டை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது' என்று எழுதினார். என் தப்பு எனக்கு இருக்கட்டும் சார் என்றார். மேலே போய், 'நான் ம் என்றேன்' என்ற இடத்துக்கு வந்ததும் பென்சில் நின்றது. வார்த்தைகளுக்கு நடுவே ஒரு குறி போட்டு, மேலே இரண்டு சொல் எழுதினார். 'இரண்டு முறை'.

எனக்குப் புரியவில்லை. அன்று சாயங்காலம் இதே தாள்கட்டில் உட்கார்ந்து அத்தான் என்னிடம் சொன்னது ஒரு முறைதான். கிடங்கில் எத்தனை முறை என்ற பேச்சே வரவில்லை. எழுதியதும் ஒன்றுதான்.

அந்தம்மா பென்சிலைக் கீழே வைத்தார். "மொதல் தடவை நீங்க 'ம்'னப்ப நான் அட்டையைக் கையில எடுத்துட்டேன் சார். மேசைக்கு மேல இவ்வளவு உயரம் வந்துடுச்சு. நீங்க பார்த்தீங்க. அப்புறம் மறுபடி ஒரு தடவை சொன்னீங்க. அதுக்குத்தான் கீழ வச்சேன்."

உள்ளங்கையை மேசையிலிருந்து ஒரு சாண் உயர்த்திக் காட்டினார். நான் வெட்டிக் கொடுத்த அட்டை, நான் அச்சடித்துக் கொடுத்த விதி. ஒரு மணி நேரத்துக்கு யாரும் காரணம் கேட்கக் கூடாது.

நான் அத்தானைப் பார்த்தேன். வயதாகிவிட்டது, மறந்துபோயிருக்கலாம், அப்படிச் சொன்னால் யாரும் குற்றம் சொல்ல முடியாது. அதை எடுத்துக் கொடுக்க என் வாய் துறுதுறுத்தது. இந்தத் தடவை வாயைப் பொத்திக்கொண்டேன். அந்தம்மாவும் காத்திருந்தார். அத்தான் தரையைப் பார்த்தபடி இருந்தார். காதோரம்வரை முகம் கறுத்துச் சுருங்கியது.

"ஞாபகம் இருக்கு" என்றார். "ரெண்டு தடவைதான்."

ரெடியம்மா தலையசைத்தார். திருத்திய தாளை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் 'இரண்டு முறை' என்று சேர்த்தேன். இரண்டுக்கும் நடுவே, 'அவர் அட்டையை எடுத்ததை நான் பார்த்தேன்' என்ற வரியை அத்தான் சொல்லச் சொல்லச் சேர்த்தேன். புதுத் தாளை எடுத்து அந்தம்மாவிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, திருத்தம் வந்த இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு குறி போட்டு, தாளையும் பென்சிலையும் அத்தான் பக்கம் நீட்டினார். அத்தான் எழுந்து நின்று வாங்கி, அந்தக் குறிக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார்.